வீல்சேரை எங்கே ஒப்படைப்பது: கவுன்ட்டரிலா, விமான வாசலிலா?

விமானத்தில் போகும் மாற்றுத்திறனாளிகளிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்." பதிவு செய்வது சரிதான். ஆனால் எந்த உதவி, எந்த இடத்திலிருந்து, எந்த வண்டியில் என்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன. நாம் தேர்ந்தெடுக்காவிட்டால், ஊழியர்களுக்கு எது சுலபமோ அதுவே நமக்கு வாய்க்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி, சொந்த வீல்சேரை எங்கே கையைவிட்டு விடுவது என்பது. செக்-இன் கவுன்ட்டரிலேயே கொடுத்துவிட்டு விமான நிலையத்து வீல்சேருக்கு மாறலாம். அல்லது சொந்த வீல்சேரிலேயே விமான வாசல்வரை போய் அங்கே கொடுக்கலாம். கவுன்ட்டரில் இருப்பவர் பெரும்பாலும் முதல் வழியைத்தான் சொல்வார்.

கொஞ்சம் நடக்க முடிந்தவர், நீண்ட தூரத்துக்கு மட்டும் வீல்சேர் தேவைப்படுபவர் என்றால் முதல் வழியில் பெரிய நஷ்டம் இல்லை. நாள் முழுக்க வீல்சேரிலேயே இருப்பவருக்குக் கதை வேறு. விமான நிலையத்து வீல்சேர்களில் பல, பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவதற்கென்றே செய்தவை. சக்கரம் சின்னது, நம் கையால் உருட்ட முடியாது. கழிவறைக்குப் போக வேண்டும் என்றாலும் தள்ளுபவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நம் உடம்புக்கு ஏற்ற மெத்தையும் அதில் இருக்காது. உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் ஏறினால் புண் வரும். இரண்டு மூன்று மணி நேரக் காத்திருப்பில் இது சின்ன விஷயம் இல்லை.

கவுன்ட்டரில் கொடுத்த வீல்சேர் மற்ற பெட்டிகளோடு பெட்டியாகப் போகிறது. வாசலில் கொடுத்ததைக் கடைசியாக ஏற்றி, இறங்கியதும் முதலில் எடுத்துத் தரும் வாய்ப்பு அதிகம். அதனால் என் ஓட்டு வாசலுக்குத்தான். ஆனாலும் அங்கே எல்லாம் கடைசி நேர அவசரத்தில் நடக்கும். கழன்று வரக்கூடிய மெத்தை, பக்கப் பலகை, கால்தாங்கி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். எங்கே பிடித்துத் தூக்கலாம், எங்கே கூடாது என்று எழுதி வீல்சேரில் ஒட்டிவிடுங்கள்.

மின்சார வீல்சேருக்கு இந்தக் கணக்கு மாறிவிடும். நூறு கிலோவைத் தாண்டிய ஒன்றை ஏரோபிரிட்ஜின் (நிலையத்தையும் விமானக் கதவையும் இணைக்கும் மூடிய நடைபாதையின்) பக்கத்துப் படிக்கட்டில் யாரும் இறக்க முடியாது; லிஃப்ட் இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று, விமானத்தின் ரகம். போயிங் 737-ன் சரக்கறைக் கதவு ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. முதுகுப்பலகை மடங்காத வீல்சேர் என்றால் அதைச் சாய்த்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். சேதத்துக்கு அதுவே பாதி காரணமாகிவிடும். ஏர்பஸ் ஏ320-ன் கதவு அதைவிட உயரம். ஒரே ஊருக்கு ஒரே நாளில் இரண்டு விமானங்கள் இருந்தால், நான் டிக்கெட் விலைக்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

பேட்டரியிலும் தேர்வு உண்டு. ஜெல் பேட்டரி கனம், ஆனால் கசியாத ரகம் என்பதால் வழக்கமாக வீல்சேரிலேயே பத்திரமாகக் கட்டிய நிலையில் போய்விடும். மடக்கு வீல்சேர்களின் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி இலேசானது. அதைக் கழற்றி விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போக வேண்டும், அளவும் 300 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) தாண்டக் கூடாது. உபரியாக ஒன்று என்றால் 300, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160. பேட்டரி மேல் அச்சிட்ட எண் அழிந்துபோயிருந்தால் கவுன்ட்டரில் வாக்குவாதம் நிச்சயம்.

அடுத்தது குறியீடு. விமான நிறுவனங்கள் வீல்சேர் உதவியை மூன்றாகப் பிரிக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர் என்றால் படி ஏறுவார், இருக்கைக்கும் நடப்பார், தூரத்துக்கு மட்டும் உதவி வேண்டும். டபிள்யூ.சி.எச்.எஸ் என்றால் படி ஏற மாட்டார், விமானத்துக்குள் நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு டிக்கெட் போடும் பிள்ளைகள் 'வீல்சேர்' என்று மட்டும் சொல்ல, முதல் குறியீடு விழுந்துவிடுகிறது. ஏரோபிரிட்ஜ் இருந்தால் பிழைத்தோம். விமானம் தூரத்தில் நின்று பஸ்ஸில் போய்ப் படி ஏற வேண்டும் என்றால், முட்டிவலிக்காரர் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருப்பார். சந்தேகம் இருந்தால் இரண்டாவதையே கேளுங்கள்.

சரி, படி ஏற முடியாதவரை உள்ளே கொண்டுபோகும் வழிகள் என்னென்ன? ஏரோபிரிட்ஜ் இருந்தால் பேச்சே இல்லை. அது இல்லாத இடத்தில் வளைந்து ஏறும் சாய்தளம் கிடைத்தால் அதுதான் சிறந்தது. சொந்த வீல்சேரிலேயே வாசல்வரை போகலாம். அடுத்தது ஆம்புலிஃப்ட், அதாவது அறையோடு மேலே உயரும் வண்டி. பாதுகாப்பானது, ஆனால் பல விமானங்களுக்குச் சேர்த்து ஓடும் வண்டி என்பதால் காத்திருக்க வைக்கும். கடைசி வழி, ஆட்கள் தூக்கிப் படியேற்றுவது. அமெரிக்க விதி அவசர வெளியேற்றம் தவிர வேறு எப்போதும் பயணியைக் கையால் தூக்கக் கூடாது என்கிறது. மற்ற இடங்களில் யாராவது "இதோ தூக்கிவிடுகிறோம்" என்று வந்தால், ஆம்புலிஃப்ட் வரட்டும் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருப்பதாகவே நினைத்துப் பேசுங்கள்.

விமானத்துக்குள் ஐல் சேர் எனப்படும் ஒல்லியான நாற்காலியில்தான் போக வேண்டும். அதிலிருந்து இருக்கைக்கு மாறுபவர்கள் கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று முதல் வரிசையைக் கேட்பதுண்டு. அது ஒரு பொறி. அந்த வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் பல விமானங்களில் கைப்பிடி மேலே தூக்காது. உடம்பை அதற்கு மேலே தூக்கிப் போட வேண்டியிருக்கும். இரண்டு வரிசை தள்ளி, கைப்பிடி தூக்கும் இருக்கையே மேல்.

நேரடி விமானமா, மாறிப் போவதா என்பதில் எல்லாரும் நேரடிக்குத்தான் வாக்களிப்பார்கள். வீல்சேர் கைமாறும் தடவை குறையும் என்பது உண்மை. ஆனால் கழிவறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு நடைவழி கொண்ட பெரிய விமானங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற கழிவறையை அமெரிக்க விதி எப்போதோ கட்டாயமாக்கிவிட்டது. ஒற்றை நடைவழி விமானங்களுக்கான விதி 2023-ல்தான் வந்தது. அதுவும் 125 இருக்கையோ அதற்கு மேலோ உள்ளவற்றுக்கு, 2030-களில் வாங்கப்போகும் புது விமானங்களுக்கு. இப்போதோ ஒற்றை நடைவழி விமானங்களே ஆறேழு மணி நேரம் பறக்கின்றன. தண்ணீர் குடிக்காமல் பட்டினி கிடந்து பயணம் செய்கிறவர்கள் இதனால்தான். பெரிய விமானம் என்றால் நேரடி. சின்ன விமானத்தில் நெடுந்தூரம் என்றால், நடுவில் தாராளமான இடைவெளியோடு இறங்கி ஏறுவதை நான் மோசமான வழியாக நினைக்கவில்லை. இடையில் இறங்கும் ஊரிலும் வீல்சேர் வாசலுக்கு வர வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

யார் பொறுப்பு என்பதில் உலகில் இரண்டு பெரிய முறைகள். அமெரிக்காவில் 1986-ன் விமானப் பயண அணுகல் சட்டப்படி விமான நிறுவனமே பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த 1107/2006 ஒழுங்குமுறைப்படி நிலையத்துக்குள் உதவி செய்வது விமான நிலையத்தின் கடமை. ஐரோப்பிய முறையில் எந்த நிறுவனத்தில் பறந்தாலும் ஒரே குழு வந்து நிற்கும். மலிவு விமானத்தில் போனால் மலிவு உதவி என்ற நிலை குறைவு. ஆனால் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் முடிந்ததைச் செய்யத்தான் வேண்டும், அந்த 'முடிந்தது' எவ்வளவு என்பதில்தான் சண்டை. அமெரிக்காவில் சாதாரண வீல்சேர் உதவிக்கு முன்னறிவிப்பு கேட்கக் கூடாது. பிரச்சினை வந்தால் புகார் தீர்க்கும் அதிகாரி ஒருவரை நேரிலோ போனிலோ கிடைக்கச் செய்ய வேண்டும். தானாக நகர முடியாதவரை அரை மணிக்கு மேல் கவனிக்காமல் விட்டுப்போகவும் கூடாது. ஒழுங்கு ஐரோப்பாவில் அதிகம். வாதாட வேண்டிய நேரத்தில் அமெரிக்க விதியே கையில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நஷ்டஈட்டிலும் இந்த வித்தியாசம் தெரியும். அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் வீல்சேர் உடைந்தால், அதை வாங்கிய விலையை வைத்துக் கணக்கிடுகிறார்கள், உச்சவரம்பு இல்லை. சர்வதேசப் பயணத்தில் 1999-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வீல்சேரும் ஒரு பெட்டிதான். 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), டாலரில் சுமார் 2,000. நல்ல மின்சார வீல்சேரின் விலை இதைப் போலப் பல மடங்கு. விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக எழுத்தில் அறிவித்தால் அந்த வரம்பு உயரும். சில நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் கேட்கும்.

வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கு 2016-ல் லண்டன் கேட்விக் நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை உண்டு. கழுத்தில் போட்டுக்கொண்டால், இவருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். ஆட்டிசம், மறதிநோய், காது கேளாமை உள்ளவர்களுக்குப் பயன்தான். ஆனால் பட்டை எந்த உதவியையும் பதிவு செய்யாது. டிக்கெட்டில் கோரிக்கை ஏறியிருந்தால்தான் ஆள் வருவார். இரண்டும் வேண்டும்.

இறங்கியதும் வீல்சேரை வாசலிலேயே உருட்டி, பிரேக் போட்டு, ஜாய்ஸ்டிக்கை அசைத்துப் பாருங்கள். சேதம் தெரிந்தால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். வீட்டுக்குப் போன பின் தெரிந்தால், மாண்ட்ரியல் உடன்படிக்கை தருவது ஏழு நாட்கள்.