ஆறாம் வகுப்புப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: எதை டிக் செய்வது?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே சின்னவள் பையிலிருந்து ஒரு படிவம் வந்தது. மேலே பெயர், பிரிவு, அப்பாவின் செல் நம்பர். கீழே இரண்டு கட்டம். முதல் கட்டம் மூன்றாம் மொழிக்கு: இந்தி அல்லது பிரெஞ்ச். இரண்டாவது கட்டம் விருப்பப் பாடத்துக்கு: கோடிங் மற்றும் ரோபோட்டிக்ஸ், கீபோர்டு, ஓவியம், கேரம், கால்பந்து. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றை மட்டும் டிக் செய்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவும், பிறகு மாற்ற இயலாது.

அந்தக் கடைசி வரிதான் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் நான்கு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

முதலில் ஒரு பயத்தை இறக்கி வைத்துவிடலாம். எங்கள் பிள்ளைகள் படிப்பது மாநிலப் பாடத்திட்ட மெட்ரிக் பள்ளி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், ஆக 500 மதிப்பெண். இந்த இரண்டு கட்டமும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் "தப்பா டிக் பண்ணிட்டா பொண்ணு எதிர்காலமே போச்சு" என்று பள்ளி வாசலில் கலங்கி நிற்க வேண்டியதில்லை. நான் நின்றேன் என்பது வேறு விஷயம்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. விருப்பப் பாடத்துக்கு வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம். தேர்வு, பண்டிகை, ஆண்டு விழா ஒத்திகை, நவம்பரில் தெருவில் தண்ணீர் நின்று விடும் மழை லீவு எல்லாம் போக வருடத்துக்கு 30 பீரியட் கிடைத்தால் பெரிது. ஆக மொத்தம் 20 மணி நேரம். அதிலும் கடைசி பீரியடாக இருந்துவிட்டால் கணக்கு மிஸ் "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று கடன் வாங்குவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

இருபது மணி நேரத்தில் எந்தப் பிள்ளையும் எதிலும் தேறிவிடாது. மீதி நாட்களில் வீட்டிலோ தெருவிலோ அதைத் தொட்டுப் பார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் என் தராசு. கீழே எல்லாவற்றையும் அதில்தான் நிறுத்திருக்கிறேன். வேறு தராசு வைத்திருப்பவர்களுக்கு வேறு விடை வரும்.

மொழிக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்ச் கட்சிக்காரர்கள் சொல்லும் முதல் காரணம் மார்க். பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் பிரெஞ்ச் எடுத்தால் அள்ளிவிடலாம், அதற்கு இப்போதே அடித்தளம் போடுங்கள் என்பார்கள். என் தோழியின் மகன் பிளஸ் ஒன்னில்தான் முதன்முதலாகப் பிரெஞ்ச் புத்தகத்தைத் திறந்தான். நன்றாகவே மார்க் எடுத்தான். ஐந்து வருடம் முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. தவிர, பிளஸ் ஒன்னில் தமிழை விடுவதா என்பது அப்போது, அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

கற்கும் சிரமத்தைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், இடிக்கும் இடம்தான் வேறு. இந்திக்கு எழுத்தே புதிது. நமக்கு ஒரே 'க', அவர்களுக்கு நாலு. பிரெஞ்சுக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும், ஆனால் எழுதுவதில் பாதியை வாயால் சொல்லக் கூடாது. சொல்லின் கடைசி எழுத்துகள் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். தமிழ்ப் பிள்ளை இரண்டிலும் ஒரே இடத்தில் வழுக்கி விழுவது ஆண்பால் பெண்பாலில். நமக்கு நாற்காலியும் மேசையும் அஃறிணை, அதோடு கதை முடிந்தது. இந்தியிலும் பிரெஞ்சிலும் நாற்காலி பெண், மேசையும் பெண். சரி, பிடித்துக்கொண்டோம் என்று நினைத்தால் புத்தகம் காலை வாரும்: 'கிதாப்' இந்தியில் பெண், 'லீவ்ர்' பிரெஞ்சில் ஆண். பிரெஞ்சில் 99-ஐ "நாலு இருபது, பத்து, ஒன்பது" என்று அடுக்கிச் சொல்வார்கள் என்றதும் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று நாம் ஒவ்வொரு படியிலும் ஒரு ஸ்தானம் முந்திக்கொண்டு எண்ணுகிறோமே, அது மட்டும் நேர் வழியா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

இப்போது தராசு. இந்தி கற்றால் காதில் விழ இடம் இருக்கிறது. மின்ட் தெருவில் இறங்கி சவுகார்பேட்டைக்குள் பத்து நிமிடம் நடந்தால் கடைப் பலகையும் பேரம் பேசும் குரலும் இந்தி, மார்வாடி, குஜராத்தி என்று கலந்தடிக்கும். எங்கள் தெருமுனை டீக்கடையில் வேலை செய்யும் பையன் பீகார்க்காரன். அவனிடம் "எத்தனை ரூபாய்" என்று இந்தியில் கேட்டுப் பார்க்கலாம். அவன் தமிழில் பதில் சொல்வான், அது அவன் பெருமை. பரீட்சை எழுத ஆசைப்பட்டால் தி.நகரில் தலைமையகம் வைத்திருக்கும் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபா இருக்கிறது. காந்தி 1918-ல் தொடங்கி வைத்தது. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேஷிகா என்று படிப்படியாக ஏறும் தேர்வுகள். பேட்டைக்குப் பேட்டை டியூஷன் மிஸ்களும் உண்டு. பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற மொழிப் பள்ளி நுங்கம்பாக்கத்தில். நல்ல இடம். ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளையை வாரம் இரண்டு நாள் அங்கே கூட்டிப்போய்க் காத்திருந்து கூட்டிவர எனக்குத் தெம்பில்லை.

எனவே இந்தி, கொஞ்ச வித்தியாசத்தில். எழுத்து வேலை என்றாலே சுணங்கும் பிள்ளை என்றால் பிரெஞ்சையே போடுங்கள். புது எழுத்து இல்லாததே பாதி நிம்மதி.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. என் மாமியாருக்குத் தாய்மொழி தெலுங்கு. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு தெலுங்கு, அடுத்த தெருவில் உருது. என் தராசில் நிறுத்தால் தெலுங்குதான் முதலில் நிற்கும், நாள் முழுக்கப் பேசிப் பழக ஆள் வீட்டிலேயே இருக்கிறது. படிவத்தில் பாரிஸ் மொழி இருக்கிறது, பாட்டி மொழி இல்லை.

இரண்டாவது கட்டத்தில்தான் உண்மையான சண்டை. என் வீட்டுக்காரர் கோடிங் கட்சி. நானும் முதலில் அதே கட்சிதான், ஆனால் பெரியவன் கதை என்னை இழுத்துப் பிடித்தது. ஐந்து வருடம் முன்பு இதே பள்ளியில் அவன் ரோபோட்டிக்ஸ் எடுத்தான். தனியாக 6,000 ரூபாய் கட்டினோம். அந்த 20 மணி நேரக் கணக்கில் மணிக்கு 300 ரூபாய். வருடக் கடைசியில் "என்னடா கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். "ஸ்க்ரூ எடுத்துக் குடுப்பேன்மா" என்றான். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கிட். ஒருவன் கையில் ஸ்க்ரூ டிரைவர், ஒருவன் கையில் பேட்டரி, மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை. சொல்லிக் கொடுத்தவர் வெளி நிறுவனத்திலிருந்து வந்தவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினார். ஆண்டு விழாவில் மட்டும் ரோபோ வண்டி ஓடியது.

ஆனால் கோடிங்கைக் குறை சொல்ல இது போதாது. அதே பையனுக்கு அடுத்த வருடம் மாமா வீட்டுப் பழைய லேப்டாப் வந்தது. ஸ்க்ராட்ச் என்பது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். கட்டளைகளை டைப் அடிக்க வேண்டாம், வண்ணக் கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பூட்டினால் போதும். 'பத்து அடி நகர்' என்ற கட்டையை இழுத்துப் போட்டால் ஆரஞ்சுப் பூனை நகரும். அதை 'எப்போதும்' என்ற கட்டைக்குள் வைத்தால் திரையின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். 'ஓரத்தைத் தொட்டால் திரும்பு' என்று ஒன்றைச் சேர்த்தால் திரும்பி வரும், ஆனால் தலைகீழாக. தலைகீழ்ப் பூனையை நிமிர்த்த அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. 6,000 ரூபாயில் கிடைக்காதது அன்றைக்குக் கிடைத்தது. ஆகவே வீட்டில் கணினி இருந்தால் கோடிங் நல்ல தேர்வு, அதற்குப் பள்ளியின் வகுப்பு கட்டாயமில்லை. கணினி இல்லையென்றால் வாரம் 40 நிமிடம், அதிலும் ஒரு திரைக்கு மூன்று பேர் என்பது வேடிக்கை பார்க்கும் வகுப்புதான்.

கேரமுக்கு வருகிறேன். இதைச் சொன்னதும் வெளி ஊர் உறவினர்கள் முகம் சுளிப்பார்கள்: "கேரமா? அதுக்கு ஒரு பீரியடா?" வடசென்னையில் அப்படிக் கேட்பவர்கள் குறைவு. இரண்டு முறை, 1991-லும் 1995-லும், உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர், அர்ஜுனா விருது பெற்றவர். 2008-ல் பிரான்சில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநரின் மகள். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தெருவில் பரண் மேல் கிடந்த போர்டுகள் எல்லாம் கீழே இறங்கின.

அதற்காக உங்கள் பிள்ளைக்கும் கோடி வரும் என்று டிக் செய்யாதீர்கள். ஒலிம்பிக்கில் கேரம் இல்லை. கிரிக்கெட், செஸ் மாதிரி காசு புரளும் ஆட்டமும் இல்லை. நான் பார்த்தது வேறு. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட். 74 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் கோணம், விசை, பொறுமை மூன்றும் வந்துவிடுகிறது. ரெட்டைப் போட்டால் போதாது, அடுத்ததாகத் தன் காய் ஒன்றையும் குழியில் தள்ளி ஃபாலோ போட வேண்டும்; போடவில்லையென்றால் ரெட் திரும்ப நடுவில் வந்து உட்காரும். ஆசைப்பட்டு முதலிலேயே ரெட்டுக்குப் போகிற பிள்ளை இரண்டே வாரத்தில் அடங்கும். பெரியமேட்டு விளையாட்டுக் கடையில் எங்கள் போர்டு 1,800 ரூபாய். போரிக் பவுடர் ஒரு டப்பா பல மாதம் வரும். மாலையில் ஆட ஆள் தேட வேண்டியதே இல்லை. மாடி வீட்டு அண்ணன், எதிர்வீட்டுத் தாத்தா, கரண்ட் போனால் மொத்தக் குடும்பமும். பெண் பிள்ளை இருட்டின பிறகும் வாசலில் உட்கார்ந்து ஆடலாம்.

கால்பந்து உடம்புக்கு இவை எல்லாவற்றையும் விட நல்லது, அதில் இரண்டாம் பேச்சில்லை. வியாசர்பாடிப் பக்கம் வீடு என்றால் யோசிக்காமல் டிக் செய்யுங்கள். சென்னையின் எஃப்சி அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் அந்தப் பகுதியிலிருந்து வந்தவர். அங்கே பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆடவைக்கும் அண்ணன்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் பள்ளி மைதானமோ பிரேயருக்கு நிற்கும் சிமெண்ட் தரை. விழுந்தால் முட்டி போகும். ஷூ ஒரு வருடத்தில் சின்னதாகிவிடும். போன வருடம் ஆறாம் வகுப்பில் கால்பந்து எடுத்த பெண் பிள்ளைகள் இரண்டே பேர் என்றதும் இவள் தயங்கினாள். தயக்கம் இல்லாத பெண் பிள்ளை என்றால் என் வாக்கு இதற்குத்தான்.

கீபோர்டு எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. 61 கட்டை வைத்த பெட்டி ஒன்றை வீட்டிலும் வாங்கி வைக்க வேண்டும், தினமும் அரைமணி அமைதி வேண்டும். இரண்டு அறை வீட்டில் அமைதி விலைக்குக் கிடைக்காது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசை கிரேடு தேர்வு வரை போகும் எண்ணம் இருந்தால் மட்டும் பாருங்கள். ஓவியம் மிகச் சிக்கனம். அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று சான்றிதழும் வாங்கலாம், 1850-லிருந்து நடக்கும் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியும் பக்கம்தான். ஆனால் இவள் ஏற்கெனவே கேஸ் சிலிண்டர் ரசீது வரைக்கும் படம் வரைந்து வைக்கிறவள். அதற்கு ஒரு பீரியட் எதற்கு?

நடுவில் ஒன்று. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் என் தங்கை மகளுக்கு இந்தப் படிவமே கிடையாது. ஆனால் 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்புக்கு வானவில் மன்றம் என்று அறிவியல் சோதனைகளும் செய்ய வைக்கிறார்கள். கட்டணம் இல்லை. அவள் போன வருடம் பறை எடுத்து வட்டார அளவு வரை போனாள். எங்கள் படிவத்தில் பறையும் இல்லை.

பள்ளியில் கேட்க வேண்டியவை மூன்று. சொல்லிக் கொடுப்பவர் பள்ளி ஆசிரியரா, வெளி ஆளா? எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியட்? ஒரு கிட்டுக்கு, ஒரு கணினிக்கு எத்தனை பேர்? ஆபீஸ் ரூமில் "எல்லாம் நல்லா நடக்கும் மேடம்" என்று பதில் வந்தால் ஏற்கெனவே படித்த பிள்ளையின் அம்மாவைப் பிடியுங்கள்.

வியாழன் இரவு இந்தியில் பேனாவாலும் கோடிங்கில் பென்சிலாலும் டிக் போட்டு வைத்தேன். அண்ணனின் லேப்டாப் இருக்கிறதே என்ற நினைப்பு. வெள்ளி காலை பார்த்தால் பென்சில் டிக் அழிந்திருந்தது, கேரமில் பேனா. ஏன்டி என்றேன்.

"கோடிங் அண்ணன்கிட்டயே கத்துப்பேன். கேரம் அவனுக்கே வராது."

பேச ஒன்றுமில்லை, கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் முதல் வகுப்பு முடிந்து வந்து சொன்னாள்: 22 பேர், நாலு போர்டு. பதினாறு பேர் உட்கார்ந்து ஆட, ஆறு பேர் நின்று பார்க்க வேண்டும்; இவள் அந்த ஆறில் ஒருத்தி. கோடிங்குக்கு ஒரு கணினிக்கு எத்தனை பேர் என்று துருவித் துருவிக் கேட்டிருந்தேன். கேரமுக்குக் கேட்கத் தோன்றவில்லை.