6,400 யூரோ போச்சு! ஆன்லைன் ஏலத்துல 'பழைய முரானோ கண்ணாடி சிற்பம்' வாங்கப் போறவங்க முதல்ல இதைப் படிங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. 6,400 யூரோ. நம்ம ஊர் காசுக்கு ஆறு லட்சத்துக்கு மேல. பழைய கண்ணாடி ரிப்பேர் பண்ற ரெஸ்டோரர் ரிப்போர்ட்டே கொடுத்துட்டாரு, 1928-30-ல பண்ணதுன்னு சொல்லி எனக்கு வித்த கண்ணாடிக் கள்ளிச்செடி சிற்பம் அந்தக் காலத்துதே இல்ல, அதோட அடியில இருக்கற ஸ்டாம்ப் போலி. வித்தவனும் சரி, வித்துக் கொடுத்த ஏல ஆப்பும் சரி, ரெண்டு பேரும் கையை விரிச்சிட்டாங்க. இன்னொருத்தர் மாட்டக்கூடாதுன்னுதான் இவ்ளோ விவரமா எழுதறேன்.

இந்த சப்ஜெக்ட் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன், அப்பதான் எங்க ஏமாத்தினாங்கன்னு புரியும். வெனிஸ் பக்கத்துல முரானோ தீவு, 1291-ல இருந்து கண்ணாடி உலையெல்லாம் அங்கதான், ஊருக்குள்ள தீப்பிடிக்கும்னு அந்த காலத்து அரசாங்கமே அங்க தள்ளி வெச்சிடுச்சு. 1921-ல மிலான்காரரு பாவ்லோ வெனினின்னு ஒரு வக்கீலும், ஜாக்கொமோ கப்பெல்லின்னு வெனிஸ்காரரு ஒரு பழம்பொருள் வியாபாரியும் சேந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஓவியர் வித்தோரியோ செக்கின்தான் டிசைன், எல்லாம் மெல்லிசா, கண்ணாடி இருக்கறதே தெரியாத மாதிரி குடுவைங்க. 1925-ல ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்க. அப்புறம் வெனினி கூட சேந்தவருதான் நப்போலியோனே மார்த்தினுட்சி. முரானோவுலயே பொறந்த சிற்பி, 1920-கள்ல அங்க இருக்கற கண்ணாடி மியூசியத்தையும் அவருதான் நடத்தினாரு. அவரு கண்ணாடியை சிற்பமா பாத்தாரு. உருகின கண்ணாடிக்குள்ள ஒரு பொருளைப் போட்டு நுரைக்க வெச்சு, உள்ள முழுக்க குமிழியோட, மேல்தோலெல்லாம் சொரசொரன்னு, வெளிச்சம் உள்ள போயி அங்கயே தங்கற மாதிரி ஒரு கண்ணாடி. புலெகோசோன்னு பேரு. 1928 வாக்குல வந்துச்சு. அதுல கள்ளிச்செடி, மிருகங்கள்னு பண்ணாரு. 1932-ல அந்த கம்பெனியை விட்டுட்டு பிரான்செஸ்கோ செக்கின்னு இன்னொருத்தரோட தனியா போயிட்டாரு. அதாவது வெனினிக்காக அவரு பண்ண வேலையெல்லாம் ஒரு ஏழு வருஷத்துக்குள்ள முடிஞ்சு போன விஷயம். அதனாலதான் கெடைக்கறது கஷ்டம், அதனாலதான் விலை, அதனாலதான் போலி.

வெனிஸ்ல சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவுல கண்ணாடிக்குன்னே ஒரு எக்ஸிபிஷன் எடம் இருக்கு, 2013-ல மார்த்தினுட்சியோட வெனினி கால வேலைகளை மட்டும் வெச்சு ஒரு கண்காட்சி நடத்தினாங்க. அந்த பச்சைக் கள்ளிச்செடிங்களை அங்க பாத்ததுல இருந்து சின்னதா ஒண்ணாவது வீட்ல இருக்கணும்னு ஆசை. மிலான்ல வேலை பாக்கறேன், சம்பளத்துல மிச்சம் புடிச்சு வருஷக்கணக்கா சேத்த காசு அது. பிளாட் டெபாசிட்டுக்கோ காருக்கோ போகாம இதுக்குன்னு தனியா வெச்சது.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஐரோப்பா முழுக்க ஓடற ஒரு ஏல ஆப், பேரு சொல்ல மாட்டேன், ஒவ்வொரு பொருளையும் 'எங்க நிபுணர் பாத்து ஓகே பண்ணது'ன்னு ஒரு டிக் போட்டு காட்டுவாங்க. அதுல ஒரு கள்ளிச்செடி, ஒரு முழத்துக்கும் கம்மி, கரும்பச்சை, 'வெனினி, மார்த்தினுட்சி, 1928-30'ன்னு தெளிவா எழுதியிருந்துச்சு. வித்தது வடக்கு இத்தாலியில ஒரு சின்ன டவுன்ல பழம்பொருள் கடை வெச்சிருக்கற ஆளு. ஏலத்துக்கு முன்னாடி மெசேஜ் பண்ணா உடனே வீடியோ கால் வந்துட்டாரு. வயசானவரு, நிதானமா பேசறாரு. பொருளை ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பி காட்டினாரு. வெனினியோட பழைய கேட்டலாக் படம் ஒண்ணையும் அனுப்பினாரு. தாத்தா கல்யாணத்துக்கு வந்த பரிசாம், அம்மா சாகற வரைக்கும் அலமாரியில இருந்துச்சாம்.

நான் நம்பினது எந்த எடத்துல தெரியுமா? நான் எதுவும் கேக்கறதுக்கு முன்னாடி அவரே சொன்னாரு, "சார், ஒரு விஷயத்தை மறைக்க விரும்பல, அடிப்பக்கம் ஓரத்துல சின்னதா ஒரு சில்லு போயிருக்கு, அதனாலதான் இந்த விலை, இல்லைன்னா பெரிய ஏல ஹவுஸுக்குக் குடுத்திருப்பேன்"னு. சொன்னதோட நிக்காம அந்த சில்லை க்ளோஸப்ல வேற காட்டினாரு. குறையைத் தானே முன்வந்து சொல்றவன் பொய் சொல்லுவானான்னு யாருக்கும் தோணும், எனக்கும் தோணுச்சு. மார்த்தினுட்சி சிற்பத்துக்கு 6,400 யூரோ கம்மிதான், ஆனா சில்லு போனதுக்கு சரியான விலையாத்தான் இருந்துச்சு. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவன் அந்த சில்லை உண்டாக்கியிருக்கான்னு இப்ப தெரியுது.

நேர்ல வந்து பாக்கறேன்னேன். கடையை வேற எடத்துக்கு மாத்திட்டு இருக்கோம், எல்லாம் பெட்டிக்குள்ள இருக்குன்னாரு. ஏலம் முடிஞ்சு பேங்க் டிரான்ஸ்ஃபர்ல 6,400 போட்டேன். பணத்தை ஆப்காரங்க கையில வெச்சிருப்பாங்க, டெலிவரி ஆகி மூணு நாள்ல நீங்க எதுவும் சொல்லலைன்னா வித்தவருக்குப் போயிடும். அந்த ஆளு ஜூலைல ஏலம் முடிஞ்சும் அனுப்பல, பேக்கிங்குக்கு மரப்பெட்டி செய்யச் சொல்லியிருக்கேன்னு இழுத்து இழுத்து சரியா ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி அனுப்பினான். இத்தாலியில இருக்கறவங்களுக்குத் தெரியும், ஃபெர்ரகோஸ்தோன்னு சொல்ற அந்த ஆகஸ்ட் 15 லீவு வாரத்துல நாடே ஷட்டர் எறக்கிடும், எந்த ரெஸ்டோரரும் போன் எடுக்க மாட்டாங்க. மூணு நாள் ஓடிப்போச்சு. பணம் அவன் கைக்குப் போச்சு.

பெட்டியைப் பிரிச்சப்பவே கையில எடுத்தா எதோ சரியில்ல. தோல் வழவழன்னு இருக்கு. புலெகோசோவுல குமிழிங்க மேல வந்து வெடிச்ச தழும்பு இருக்கணும், ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசுன்னு தாறுமாறா இருக்கணும், இதுல எல்லாக் குமிழியும் ஒரே சைஸ்ல வரிசையா உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. போன் வீடியோவுல இது தெரியவே தெரியாது, வெளிச்சத்துக்கு எதிர்ல காட்டினா பச்சையா மின்னுறதுதான் கண்ணுக்குத் தெரியும்.

செப்டம்பர்ல முரானோவுல பல வருஷமா பழைய கண்ணாடி ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். லூப்புன்னு சொல்ற சின்ன பூதக்கண்ணாடி வெச்சு அடிப்பக்கத்தைத்தான் முதல்ல பாத்தாரு, மேல பாக்கவே இல்ல. அத்தனை வருஷம் அலமாரியில இருந்த பொருள்னா அடி விளிம்புல மெல்லிசு கீறல் எல்லாத் திசையிலயும் இருக்கும், இதுல எல்லாம் ஒரே திசையில, உப்புத்தாள் தேய்ச்ச கோடுன்னாரு. டார்ச்சை சாய்ச்சு அடிச்சுக் காட்டினாரு, ஸ்டாம்ப் இருக்கற எடத்துல லேசா ஒரு பள்ளம். அதாவது அங்க வேற எதோ எழுத்து இருந்து அதைத் தேய்ச்சு எடுத்துட்டு மேல ஆசிட்டால அரிச்சு ஸ்டாம்ப் வெச்சிருக்காங்க. அந்த ஸ்டாம்ப்பும் மூணு வரி, கடைசியில இத்தாலியான்னு வர்ற வகை, அது இந்த சிற்பத்துக்கு சொல்ற வருஷத்துக்குப் பின்னாடி வந்ததுன்னாரு. சில்லைத் தொட்டுப் பாரு, ஓரம் பிளேடு கணக்கா இருக்கு, அழுக்கே ஏறல, இது நேத்து ஒடச்சதுன்னு சொல்லிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டாரு. கேட்டலாக் படத்துல இருக்கற கள்ளிக்கு எத்தனை கிளைன்னு எண்ணிப் பாருன்னாரு. என்னோடதுல ஒண்ணு கொறையுது. ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்தாரு, அதுக்குக் காசு கூட வாங்கல அந்த மனுஷன்.

இதுக்கப்புறம்தான் உண்மையான கூத்து. வித்த ஆளுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். "ஒவ்வொருத்தருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும்"னு பதில். அடுத்து "நான் அனுப்பினது ஒரிஜினல், நீங்க மாத்திட்டீங்க"ன்னான். மாத்திட்டேனாம்! 6,400 யூரோ கொடுத்துட்டு நானே மாத்தினேனாம்! அதுக்கப்புறம் போன் எடுக்கறதே இல்ல. இன்வாய்ஸை எடுத்துப் பாத்தா, ஏலப் பக்கத்துல மார்த்தினுட்சின்னு கொட்டை எழுத்துல போட்டது இன்வாய்ஸ்ல 'வெனினி பாணி கண்ணாடி'ன்னு ஆகியிருக்கு, ஏலப் பக்கமும் இப்ப ஓபன் ஆகல. நல்லவேளை ஸ்க்ரீன்ஷாட் வெச்சிருக்கேன்.

ஆப்காரங்க அதுக்கு மேல. முதல்ல சாட்பாட். அப்புறம் ஒரு பொண்ணு, உங்க நிலைமை புரியுது சார், நிபுணர் ரிப்போர்ட் அனுப்புங்கன்னு சொல்லுச்சு. அனுப்பினா வேற ஒருத்தரு வந்து இது தனிப்பட்ட ஒருத்தரோட கருத்துன்னாரு. அப்ப உங்க நிபுணர் போட்ட டிக் எதுக்குன்னு கேட்டேன், எங்க நிபுணர் போட்டோவை வெச்சு மட்டும்தான் பாப்பாரு, நேர்ல பாக்க மாட்டாரு, அது விதிமுறையில இருக்குன்னாங்க. போட்டோவை வெச்சு! அடிப்பக்கத்துக்கு அந்த ஏலத்துல ஒரு மங்கலான போட்டோதான் இருந்துச்சு. மூணு நாள் முடிஞ்சிடுச்சு, டிக்கெட் க்ளோஸ்டு. திரும்ப ஓபன் பண்ணா திரும்ப க்ளோஸ்டு. அவங்க கமிஷன் மட்டும் அவங்க பையில பத்திரமா இருக்கு.

இன்னொரு அயோக்கியத்தனம். ஐரோப்பிய சட்டப்படி வியாபாரிகிட்ட ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பித் தரலாம். நானும் அதைத்தான் கேட்டேன். ஆனா கடை, போர்டு, ஷோகேஸ் எல்லாம் வெச்சிருக்கற அந்த ஆளு ஆப்புல 'தனிநபர்'னு பதிஞ்சிருக்கான், தனிநபர் வித்தா அந்த 14 நாள் கெடையாது. ஒருத்தன் மாசா மாசம் பழைய கண்ணாடி வித்துட்டு இருக்கான், அவன் தனிநபராம், ஆப்காரங்களுக்கு இது தெரியாதாம்.

பேங்க்ல, நீங்களே அனுமதி கொடுத்து அனுப்பின பணம், நாங்க எதுவும் பண்ண முடியாதுன்னு ஒரே வரி.

இத்தாலி போலீஸ் படையான கராபினியேரில கலைப்பொருள் பாதுகாப்புக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, 1969-ல இருந்து இருக்கு. அங்க புகார் கொடுத்தாச்சு. கலைப்பொருளைப் போலி பண்றதும், போலின்னு தெரிஞ்சே விக்கறதும் இங்க கிரிமினல் குத்தம், 2022-ல அதை தண்டனைச் சட்டத்துக்குள்ளயே கொண்டு வந்துட்டாங்க. புகாரை வாங்கின அதிகாரி மரியாதையா பேசினாரு, நேரம் ஆகும்னும் சொல்லிட்டாரு. 6,400 யூரோ திரும்ப வருமான்னு கேட்டதுக்கு அவரு பதில் சொல்லல.

எனக்கு ரொம்ப எரியறது என்னன்னா, இந்த கண்ணாடியை நேசிக்கறவங்களாப் பாத்துத்தான் புடிக்கறாங்க. அமெரிக்காவுல 4 டாலருக்கும் கம்மியா பழைய சாமான் கடையில வாங்கின கார்லோ ஸ்கார்ப்பா டிசைன் பண்ண முரானோ குடுவை 2023-ல ஒரு லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சே, அந்த நியூஸ் வந்ததுல இருந்து யாரைப் பாத்தாலும் தாத்தா வீட்டு அலமாரியில முரானோ இருக்குன்னு சொல்றான். எனக்கு வித்த இதே ஆளு முரானோ கண்ணாடிக் கலைஞர் ஏர்கோலே பாரோவியேரோட பிரிமாவேரா புறான்னு ஒண்ணையும் 900 யூரோவுக்குப் போட்டிருந்தான். பிரிமாவேரான்னா 1929-30-ல உலையில தற்செயலா வந்த ஒரு பால்வெள்ளைக் கலவை, அதை மறுபடி அவங்களாலயே கொண்டு வர முடியல, அதனால உலகத்துலயே கொஞ்சம்தான் இருக்கு. அது 900 யூரோவுக்கு! நிபுணர் டிக் அதுக்கும் இருந்துச்சு!

என்ன கவனிக்கணும்னு விரிவா எழுதறேன்னு நெனச்சேன், ரெஸ்டோரரோட ரிப்போர்ட்டை வக்கீலுக்கு அனுப்பணும், அதனால வேகமா சொல்றேன். அடிப்பக்கம் போட்டோ பகல் வெளிச்சத்துல, டார்ச் சாய்ச்சு, பல கோணத்துல கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுடுங்க. ஸ்டாம்ப்பையும் லேபிளையும் மட்டும் நம்பாதீங்க, வெனினி கம்பெனியே பழைய டிசைனை பின்னாடி மறுபடி பண்ணி வித்திருக்காங்க, அதோட கையெழுத்தைத் தேய்ச்சிட்டு பழசுன்னு விக்கறவங்க இருக்காங்க. தங்க சீல் வெச்ச சர்டிஃபிகேட் எந்த பிரிண்டிங் கடையிலயும் கெடைக்கும். வித்தவன் ஆப்புல வியாபாரியா தனிநபரான்னு பணம் போடறதுக்கு முன்னாடி பாருங்க. இத்தாலிக்கு வெளிய இருந்து வாங்கறவங்க, 70 வருஷத்துக்கு மேல பழசுன்னா ஏற்றுமதி பேப்பர் உண்டு, 13,500 யூரோவுக்கு மேல போனா அனுமதியே வாங்கணும், அதுக்குக் கீழன்னா உறுதிமொழி. '1928 பீஸ்'னு சொல்லிட்டு பேப்பரே இல்லாம சாதா பார்சல்ல போட்டுடறேன்னு சொன்னா அவனுக்கே தெரியும் அது பழசு இல்லைன்னு. ஆகஸ்ட்ல, கிறிஸ்துமஸ் லீவுல டெலிவரி எடுக்காதீங்க. ஏலப் பக்கத்தை முழுசா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.

அந்த ஆளு வேற பேருல மறுபடி வந்துட்டான், அதே ஜன்னல், அதே மேஜைத்துணி. கரும்பச்சையில ஒரு யானை, புலெகோசோ, ஏலம் ஞாயித்துக்கிழமை ராத்திரி முடியுது. யாராவது அதுக்கு பிட் போட்டிருந்தீங்கன்னா பணம் அனுப்பாதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ரிப்போர்ட்டும் போட்டோவும் அனுப்பறேன்.