கீழ்த்தள ஹாலுக்கு சீலிங் ஸ்பீக்கரா, சுவர் ஸ்பீக்கரா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டாறு பக்கம் சரிவில் கட்டிய வீடுகளில் ரோட்டு மட்டத்துக்குக் கீழே ஒரு தளம் இறங்கியிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் ஒரு நிலை வீடு. பின்னால் தோட்டத்திலிருந்து பார்த்தால் இரண்டு நிலை. ரப்பர் ஷீட்டும் தேங்காயும் கிடந்த அந்தக் கீழ்த்தளம் இப்போது பல வீடுகளில் டைல்ஸ் பதித்து, ஜிப்சம் சீலிங் அடித்து, டிவி ஹால் ஆகியிருக்கிறது. பெயிண்ட் எல்லாம் காய்ந்த பிறகுதான் ஸ்பீக்கர் யோசனை வரும். அப்போது எதிரே நிற்பவை இரண்டு: சீலிங்கில் வட்டம் வெட்டிப் பதிக்கும் ஸ்பீக்கர், சுவரில் பிராக்கெட் அடித்து மாட்டும் பெட்டி ஸ்பீக்கர். சவுண்ட்பார் போதும் என்பவர்களுக்கு இந்த அலசல் தேவைப்படாது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடித்த கீழ்த்தளத்துக்கு, அதுவும் நம் மாவட்டத்து மழைக்கு, நான் சீலிங் ஸ்பீக்கர் பக்கம். அழகு, இடம் அடைக்காதது, பிள்ளைகள் கை எட்டாதது எல்லாம் கடையிலேயே சொல்வார்கள். என் காரணம் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம்.

அதற்கு முன் சுவர் ஸ்பீக்கருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். படம் பார்க்கும்போது வசனம் திரையிலிருந்து வருவது போல் கேட்க வேண்டுமென்றால், உட்கார்ந்த காது உயரத்தில், டிவிக்கு இரு பக்கமும் நிற்கும் பெட்டியை சீலிங் ஸ்பீக்கர் ஜெயிக்காது. தலைக்கு மேலிருந்து பேசும் முகம் கொஞ்ச நேரத்தில் உறுத்தும். பேஸும், அதாவது கனமான அடித்தொனியும், பெட்டிக்கே கூடுதல். அதன் உள்ளளவு கணக்குப் போட்டுச் செய்தது. பாட்டு, செய்தி, கிரிக்கெட், பிரார்த்தனைக் கூட்டம் என்று ஹால் முழுக்க ஒரே அளவில் சத்தம் பரவ வேண்டும் என்பவர்களுக்கு சீலிங் நல்லது. சினிமாவே முதல் தேவை என்றால் முன்னால் இரண்டு பெட்டிகளை ஸ்டாண்டில் வைத்து, மேலே மட்டும் சீலிங்கில் பதிக்கலாம்.

இனி ஓதம். கீழ்த்தளத்தில் குறைந்தது ஒரு சுவருக்குப் பின்னால் மண் இருக்கும். இடவப்பாதியில், அதாவது மே கடைசி, ஜூன் தொடக்கத்தில், தொடங்கும் மழை ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி வந்து சேரும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. சரிவு மண் காய்வதற்கு இடைவெளி குறைவு. வெளியே தார் பூசி, உள்ளே வாட்டர்புரூஃப் பூச்சு கொடுத்திருந்தாலும் அந்தச் சுவர் மெல்லிய ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். அதில் பிராக்கெட்டுக்காக நான்கு துளை போடுவது அந்தப் பூச்சில் நான்கு வாசல் திறப்பதற்குச் சமம். நைலான் பிளக்கைச் சுற்றி முதலில் உப்புப் பூக்கும், பிறகு திருகு துருப்பிடிக்கும், பிறகு பூச்சு பொடியாகிப் பிளக்கே கையோடு வரும். ஐந்தாறு கிலோ பெட்டி அந்தப் பிடியில்தான் தொங்குகிறது.

பெட்டிக்கும் ஓதம் ஆகாது. அவற்றில் பெரும்பாலானவை எம்டிஎஃப் பலகை. அது அழுத்திய மரநார். வினைல் ஒட்டியிருக்கும் முகத்தில் தாங்கும், வெட்டு விளிம்பில் தாங்காது. ஈரச் சுவரை ஒட்டி நிற்கும் பின்பக்க விளிம்பு முதலில் உப்பும், வினைல் உரியும், பிராக்கெட் திருகு பிடித்திருக்கும் இடம் இளகும். சீலிங் ஸ்பீக்கரில் இந்தப் பலகையே இல்லை. சட்டம் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதற்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் கோனும் காந்தமும். அது தொங்கும் இடத்துக்கு மேலே மேல்தளத்தின் கான்கிரீட் வார்ப்பு. அந்தப் பக்கம் வெயில் படும் அறையோ வராந்தாவோதான், மண் இல்லை.

உங்கள் சுவர் எப்படி என்று தெரிய ஒரு சின்னச் சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் தாளை மண் பக்கச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்முகத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் ஈரம் விடுகிறது. வெளிமுகத்தில் மட்டும் ஈரமென்றால் அது அறைக் காற்றின் ஈரம், சுவர் பரவாயில்லை. இரண்டு முகமும் காய்ந்திருந்தால் சுவர் ஸ்பீக்கருக்கு எதிரான என் வாதத்தில் பாதி போய்விடும். அப்போது உங்கள் காதுக்குப் பிடித்ததை வாங்கலாம்.

பராமரிப்பிலும் சீலிங் ஸ்பீக்கருக்கு ஒரு பலம் உண்டு. கிரில்லைக் கழற்றி நான்கு திருகைத் தளர்த்தினால் ஸ்பீக்கர் கையில் இறங்கிவிடும். அந்த எட்டங்குல ஓட்டையே சீலிங்குக்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல். ஒயரை எலி கடித்திருக்கிறதா, வார்ப்பில் கசிவு உண்டா, கம்பிச் சட்டம் துருப்பிடிக்கிறதா எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். ஜிப்சம் போட்டு மூடிய பிறகு அப்படி ஒரு வழி வேறெதிலும் எளிதில் கிடைக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. வீட்டு ஹாலுக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர் சரியான அளவு. வெட்டு விட்டம் சுமார் எட்டு, எட்டேகால் அங்குலம். ஆழம் நான்கு அங்குலத்துக்குள். ஜிப்சம் போர்டுக்கும் வார்ப்புக்கும் இடையே ஐந்து அங்குலமாவது வேண்டும். கோன் பாலிபுரோப்பிலீன், ஓரம் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். காகிதக் கோன் ஈரம் குடிக்கும், ஃபோம் ஓரம் நம் ஊர்க் காற்றில் பொடியாக உதிரும். காந்தத்தில் ஒட்டும் கிரில் பார்க்க அழகு. ஆனால் காந்தம் பிடிக்க அது இரும்பாக இருந்தாக வேண்டும், பெயிண்ட் கீறிய இடத்தில் துரு தொடங்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போல உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் அழுத்திப் பொருத்தும் அலுமினியக் கிரில்லே நல்லது. அங்கே சீலிங்கின் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தையே உப்பு தின்னும் என்பதால், கடலோர வீட்டுக்கு இந்த அலசலை அதே உறுதியோடு நான் சொல்ல மாட்டேன்.

எத்தனை வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. சீலிங் 9 அடி, உட்கார்ந்தால் காது 3.5 அடி; வித்தியாசம் 5.5 அடி. சத்தம் 90 பாகையில் விரிகிறது என்று வைத்தால் காது மட்டத்தில் 11 அடி விட்டமுள்ள வட்டம் கிடைக்கும். 12க்கு 16 அடி ஹாலில் நடுக்கோட்டில் இரண்டு ஸ்பீக்கர், குறுக்குச் சுவர்களிலிருந்து நாலு நாலு அடி தள்ளி, தமக்குள் எட்டு அடி இடைவெளியில் வைத்தால் ஹால் நிறைந்துவிடும். நான்கு வைக்கச் சொல்லும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஜிப்சம் சீலிங்கில் போர்டைத் தாங்கும் ஜிஐ சட்டங்கள் பொதுவாகப் பதினெட்டு அங்குலத்துக்கு ஒன்று. அவற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டம் நான்கு அடிக்கு ஒன்று. சின்னக் காந்தத்தை சீலிங்கில் நகர்த்தினால் திருகு இருக்கும் இடத்தில் பிடிக்கும். அந்தப் புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்தால் சட்டத்தின் பாதை தெரியும். இரண்டு சட்டத்துக்கு நடுவில் மையம் குறியுங்கள். முதலில் அங்கே கால் அங்குலத் துளை மட்டும் போடுங்கள். ஒரு கட்டுக்கம்பியை எல் வடிவில், மடித்த பகுதி நாலரை அங்குலம் வரும்படி வளைத்து உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் தட்டாமல் சுற்றினால் வெட்டலாம். தட்டினால் இரண்டு அங்குலம் நகர்த்தி மறுபடி போடுங்கள்; கால் அங்குலத் துளையைப் புட்டி வைத்து மூடிவிடலாம், எட்டங்குல ஓட்டையை மூட முடியாது. இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டுச் சட்டத்தையே அறுத்து, பிறகு சீலிங் தொய்ந்துபோவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

லைட் மெயினை அணைத்துவிட்டுக் கைவாளால் அறுங்கள். பக்கத்து எல்இடி லைட் ஒன்றைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாக முக்கால் அங்குல பிவிசி பைப்பைச் சட்டங்களுக்கு மேலே தள்ளி, அதற்குள் ஒயரைக் கொண்டுவரலாம். பைப் இல்லாமல் ஒயரை வெறுமனே போர்டின் மேல் போட்டால் எலிக்கு விருந்து. சத்தம் கூடும்போது ஒயர் போர்டில் தட்டி டரடரவென்று அடிக்கவும் செய்யும். லைட் ஒயரோடு ஒரே பைப்பில் ஸ்பீக்கர் ஒயர் வேண்டாம். ஒரு அடி தள்ளியே ஓடட்டும், குறுக்கே கடக்கும் இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். சீலிங்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு இறங்கும் ஆறேழு அடிக்கு உள்பக்கத் தடுப்புச் சுவரைத் தேர்ந்தெடுத்து கேசிங் அடியுங்கள். மண் பக்கச் சுவரை வெட்டவே வேண்டாம்.

ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு. 12 மீட்டர் தூரத்துக்குப் போக வர 24 மீட்டர். மின்தடை சுமார் 0.28 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டில்லை. விலை குறைவென்று விற்கும் செம்பு பூசிய அலுமினிய ஒயர் வேண்டாம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு, முனையில் செம்புப் பூச்சு போனதும் ஈரக்காற்றில் வெள்ளைப் பொடி கட்டி, சத்தம் விட்டுவிட்டு வரும். ஒரே சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கொடுத்தால் 4 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் 4 ஓம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மைக் செட் கடையில் கிடைக்கும் 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபையரில் 8 ஓம் ஸ்பீக்கரை நேராகக் கொடுத்தால் அதற்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் எரிந்துவிடும்.

பிளஸ், மைனஸ் குழம்பினால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனையில் ஒரு நொடி தொடுங்கள். பிளஸில் பிளஸ் பட்டால் கோன் கீழே, உங்களை நோக்கித் தள்ளும். ஒன்று தள்ளி இன்னொன்று உள்ளே இழுத்தால் பேஸ் காணாமல் போகும். பலரும் அதை மட்டமான ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பொருத்தும்போது டிரில் மெஷினில் திருகாதீர்கள். ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் காதுகள் திரும்பிப் போர்டைக் கவ்வும். கையால் திருகி, ஓரம் போர்டில் ஒட்டியதும் கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் பன்னிரண்டரை மில்லிமீட்டர் ஜிப்சம் உள்ளே நொறுங்கும், மேல் காகிதம் மட்டும் பிடித்திருக்கும். சில மாதம் கழித்து ஸ்பீக்கர் ஒரு பக்கம் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பி ஒன்றை வார்ப்பில் அடித்த ஆங்கருக்குக் கட்டிவிட்டால் போர்டு கைவிட்டாலும் தலையில் விழாது. நம் ஊரில் நிறையப் போடும் பிவிசி பேனல் சீலிங் என்றால் காதுக்கும் பேனலுக்கும் நடுவே 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் வளையம் கட்டாயம். பேனல் உள்ளே பொள்ளல். கவ்வினால் நசுங்கும், பேஸுக்கு அதிரும்.

சீலிங் ஸ்பீக்கரை நான் ஒரே ஒரு இடத்தில் வேண்டாம் என்பேன்: மேல்தளத்தில் குளியலறை இருக்கும் பகுதி. குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட வார்ப்பில் பைப் கசிந்தால் நீர் நேராக ஜிப்சத்தில் தேங்கி, ஓட்டை கண்ட இடத்தில் ஸ்பீக்கர் வழியாகவே சொட்டும். அந்த எல்லையிலிருந்து மூன்று அடியாவது தள்ளி வையுங்கள். ஹால் முழுக்க குளியலறைக்குக் கீழே வருகிறதென்றால் ஸ்டாண்டில் வைக்கும் பெட்டி ஸ்பீக்கரே சரி, சுவரிலிருந்து ஒரு அடி இழுத்து.

வருடத்துக்கு ஒரு முறை, இடவப்பாதிக்கு முன்னால் மே மாதத்தில், கிரில்லைக் கழற்றித் துடைத்து, ஒரு ஸ்பீக்கரை இறக்கி ஒயர் முனையில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். பிடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவிப் பூட்டினால் போதும்.