பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு கப்பல்காரர், சும்மாவே ஒரு சுப்பராயன்

எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சு. நிறமோ நல்ல கறுப்பு. பூர்வீகம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, பரம்பரை தேடித் தரும் ஏஜென்ட் ஒருவரிடம் (பெயர் வேண்டாம்) பன்னிரண்டாயிரம் கட்டினேன். மூன்று மாதம் கழித்துப் பளபளவென்று ஒரு வம்ச வரைபடம் வந்தது. உச்சியில் பிரான்சின் துறைமுக ஊரான சேன் மாலோவிலிருந்து வந்த ஒரு மாலுமி. ஆதாரம் கேட்டேன், "பெயரே ஆதாரம்தானே மேடம்" என்றார்.

அப்புறம்தான் அக்கா பையன் காட்டிய தளத்தில் உட்கார்ந்தேன். பிரான்சில் எக்ஸ் நகரத்தில் இருக்கிற கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தின் இணையதளம் அது. காசு கிடையாது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாவற்றின் பழைய எத்தா சிவில் (பிறப்பு, திருமணம், இறப்பு) பதிவேடுகளையும் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். வருடத்தை எண்ணில் எழுதாமல் எழுத்தில் நீட்டி எழுதியிருப்பார்கள், கண் வலிக்கும்.

நம் பெயர்களைத் தேடப் பிரெஞ்சுக் காது வேண்டும். நம் 'உ'வுக்கு ஓவும் யூவும் சேர்த்து எழுதுவார்கள். ராமசாமியில் 'எஸ்' இரண்டு வரும், ஒன்றே ஒன்று போட்டால் 'இசட்' ஒலி வந்துவிடும். 'ஜ' வந்தால் டி, ஜே. கடைசி 'ன்' மூக்கில் போய்விடாமலிருக்க ஒரு 'ஈ' எழுத்து (e) ஒட்டிக்கொள்ளும். இது பிடிபடும்வரை என் கொள்ளுத்தாத்தாவையே நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் 1886இல் தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைத்தது. அப்பா பெயர் இருக்கிற இடத்தில் எங்கள் பிரெஞ்சுப் பெயர், கூடவே 'முன்பு சுப்பராயன் என்று அழைக்கப்பட்டவர்' என்று ஒரு வரி. கீழே மேரி (நகராட்சி அலுவலக) அதிகாரியின் சுருள் சுருளான கையெழுத்துக்குப் பக்கத்தில், கோணல்மாணலாக, தமிழில் 'சுப்பராயன்'. புதுப் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார், கை மட்டும் பழைய பெயரையே போட்டிருக்கிறது. அந்தச் 'சு'வின் சுழியை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

விஷயம் இதுதான்: நாங்கள் ரெனோன்சான், அதாவது 'துறந்தவர்' குடும்பம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிற வழக்கம் அதோடு போச்சு. தலைமுறைக்கும் மாறாத ஒரு குடும்பப் பெயர் வேண்டும். அதை அவரவரே வைத்துக்கொண்டார்கள். இந்த இயக்கத்தின் முன்னோடியான வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை வைத்துக்கொண்டது 'லாபோர்த்'. கதவு என்று அர்த்தம்.

ஆக மாலுமியும் இல்லை, சேன் மாலோவும் இல்லை. எனக்கு அதில் துளி வருத்தமில்லை. கப்பலேறி வந்த ஒருவரைவிட, மேரிக்கு நடந்து போய்ப் பெயர் மாற்றிக்கொண்டவர்தான் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

ஒன்று கவனியுங்கள்: 75 வருடம் ஆகாத பிறப்புப் பதிவு பொதுப் பார்வைக்கு வராது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்றால் நாந்த் நகரத்து மத்திய எத்தா சிவில் அலுவலகத்துக்கு எழுதலாம், நகலுக்குக் கட்டணம் கிடையாது. தளத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ஏஜென்டுக்கு, வரைபடத்துக்குப் போட்டிருந்த கண்ணாடி ஃபிரேம் நன்றாக இருந்ததால், அரை.

இன்னொன்று. சுப்பராயனின் தம்பியும் அதே மேரியில் துறந்திருக்கிறார், ஆனால் எடுத்துக்கொண்டது வேறு பெயர். அந்தப் பெயருள்ள வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. முப்பது வருடமாக போன்ழூர் (வணக்கம்) மட்டும் சொல்லிக்கொள்கிறோம். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போகணும்.