குடை வலையா, மருந்து வலையா: கைக்குழந்தைக்கு நாங்கள் எடுத்த கொசுவலை

மகளுக்கு நான்கு மாதம் முடிந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் தார் எஸ் சலாமுக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் டெங்குவுக்குப் பயப்படுவோம். அங்கே மலேரியாவுக்கு வருடம் முழுக்கப் பயப்பட வேண்டும்.

மலேரியா நிறைய உள்ள ஊரில் பிறக்கும் பிள்ளைக்கு, தாயின் ரத்தத்திலிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி முதல் சில மாதம் ஓரளவு துணை நிற்கும். எனக்கு மலேரியா வந்ததே இல்லை. என் பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் அது இல்லை. தடுப்பூசியோ ஐந்து மாதத்திலிருந்துதான். ஐந்து கிலோவுக்குக் குறைந்த சிசுக்களுக்கென்றே செய்த மலேரியா மருந்துக்கு 2025 ஜூலையில்தான் சுவிட்சர்லாந்தில் அனுமதி கிடைத்தது. ஆக, கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்கு முதல் வழி.

கொசுவத்திப் புகை கைக்குழந்தை படுக்கும் அறைக்கு ஆகாது. பிளக்கில் மாட்டும் லிக்விட் கரண்ட் போனால் அவ்வளவுதான். அப்புறம் மிஞ்சுவது வலை.

குடை மாதிரி விரியும் வலையை டவுனிலேயே வாங்கினோம். எடை இல்லை, பகல் தூக்கத்துக்கு நல்ல வசதி. ஆனால் பிள்ளை புரள ஆரம்பித்ததும் குட்டி முழங்கை போய் வலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் கொசு வெளியே உட்கார்ந்தபடியே கடித்துவிடும். ஒரு நாள் காலையில் முழங்கையில் மூன்று தடிப்பு. அன்றோடு ராத்திரிக்கு அந்த வலையை நிறுத்திவிட்டேன்.

மருந்து ஊறிய வலை, பிள்ளையைப் பார்க்க வந்தபோது வீட்டுக்காரர் கொண்டுவந்தது. நூலிலேயே பூச்சிமருந்து இருப்பதால் வந்து உட்காரும் கொசு பெரும்பாலும் சாகும், இல்லை விலகிப் போகும். பெரிய கட்டிலையே மூடும். ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் நானும் பிள்ளையும் உள்ளே. புது வலையை ஒரு நாள் நிழலில் விரித்துக் காற்றாட விட்ட பிறகுதான் கட்ட வேண்டும்.

எல்லாம் சரி, துவைப்பதில்தான் இந்த வலையின் ஆயுசு இருக்கிறது. பிள்ளை பால் கக்கிவிட்டது என்று அம்மா வலையைச் சோப்புத்தூளில் ஊறவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போடக் கொண்டுபோய்விட்டார்கள். படியிலேயே ஓடிப்போய் வாங்கினேன். காரமான சோப்புத்தூள், வெந்நீர், நேர் வெயில் மூன்றும் மருந்தைக் கெடுக்கும். பச்சைத்தண்ணீர், மென்மையான சோப்பு, நிழல், இவ்வளவுதான் அதற்கு. கணக்கும் உண்டு: சுமார் இருபது துவைப்பு, மூன்று வருடம் தாங்கும்படி செய்கிறார்கள். வாராவாரம் துவைத்தால் ஐந்தே மாதத்தில் இருபதும் தீர்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்றால்தான் மூன்று வருடக் கணக்கு சரியாக வரும். பால் கறையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன். சின்ன ஓட்டை கண்ணில் பட்டால் அன்றே தைத்துவிடுகிறேன்.

எங்களுக்கு இன்னும் ஒன்பது மாத அனுபவம்தான். மூன்று வருடத்தைப் பற்றி இப்போதே உறுதி சொல்ல மாட்டேன். வலை கட்டியும் கடி விழலாம். காய்ச்சலோ, பால் குடிக்க மறுப்பதோ தெரிந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். துவைத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறேன். இதுவரை நான்கு வட்டம்.