குழந்தைத் திட்டமிடல் ஆலோசனை: போகலாம், ஒரு குறையோடு

எச்ஐவி உள்ள தம்பதிகளுக்கான ஆலோசனைச் சேவை இது. எனக்குத் தொற்று உண்டு, மனைவிக்கு இல்லை. குழந்தை வேண்டுமா என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள், அதற்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம், ஏனென்றால் மற்ற இடங்களில் "உங்களுக்கெல்லாம் எதற்கு" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. மாத்திரையைத் தவறவிடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 200க்குக் கீழே நிலையாக இருந்தால் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது, அதனால் விந்தணுவைக் கழுவிச் செலுத்தும் முறை எங்களுக்குத் தேவையே இல்லை என்றார். ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள ஜோடிகளைப் பின்தொடர்ந்து, 2016இல் வந்த பார்ட்னர் ஆய்வையும் எடுத்துக் காட்டினார்: வைரஸ் கட்டுப்பாட்டில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அப்படியும் மனைவிக்குப் பயம் இருந்தால் பிரெப் (தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மருந்து) மாத்திரை எடுக்கலாமாம். (அவள் வேண்டாம் என்றுவிட்டாள், என்னைவிடத் தைரியசாலி.)

தாய்க்குத் தொற்று இருப்பவர்களுக்கும் தெளிவாகச் சொல்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், சிகிச்சை இருந்தால் 5க்கும் கீழே. பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து உண்டு.

குறை? வரவேற்பில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். டோக்கன் எண் கொடுத்தால் என்ன? மற்றபடி தாராளமாகப் போகலாம், துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.