மண்டபம் தயார், மாப்பிள்ளை தயாரில்லை: இரு செறிவூட்டல் ஆலைகளின் கதை

அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு யுரேனியச் செறிவூட்டல் ஆலைகளின், அதாவது யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகையின் பங்கைக் கூட்டும் ஆலைகளின், கட்டுமானம் தொடங்கியது. ஒன்று நியூ மெக்சிகோவின் யூனிஸில், ஐரோப்பாவின் யுரென்கோ குழுமத்துடையது. மற்றொன்று ஓஹியோவின் பைக்டனில், அமெரிக்காவின் யுசெக் நிறுவனத்துடையது. இரண்டுமே மையவிலக்கு முறை: யுரேனிய வாயுவை இயந்திரத்தில் அதிவேகமாகச் சுழற்றிப் பிரிப்பது. உரிமம் கிடைத்தது முறையே 2006, 2007இல். யூனிஸ் 2010 ஜூனில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. பைக்டனில் 2009இலேயே வேலை முடங்கியது.

உண்மையில் முந்தியிருக்க வேண்டியது பைக்டன்தான். 1985இல் கைவிடப்பட்ட அரசுத் திட்டத்துக்காக எழுப்பிய பிரம்மாண்டமான கூடங்கள் அங்கே சும்மா நின்றன. யூனிஸிலோ அஸ்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் யூனிஸ் ஐரோப்பாவில் ஓடித் தேர்ந்த இயந்திரத்தை வாங்கிப் பொருத்தியது. பைக்டனில் 12 மீட்டருக்கும் உயரமான புதிய இயந்திரம். அதை மேம்படுத்திக்கொண்டே ஆலையையும் கட்டப் பார்த்தார்கள். 200 கோடி டாலர் கடன் உத்தரவாதம் கேட்டபோது, தொழில்நுட்பம் வணிக அளவுக்குப் பக்குவப்படவில்லை என்று எரிசக்தித் துறை கைவிரித்தது. 2014இல் யுசெக் திவால் பாதுகாப்பு கோரியது.

யூனிஸின் வழியும் சுலபமானதல்ல. ஒரு தொடர்வரிசை (ஒன்றோடொன்று குழாயால் இணைத்த மையவிலக்கு இயந்திரங்களின் தொகுதி) முடிந்ததும் ஆய்வு, அனுமதி, இயக்கம். பக்கத்திலேயே அடுத்ததன் கட்டுமானம். வருமானம் சீக்கிரம் வரும், மேலாளருக்குத் தூக்கம் வராது. குழாய்களுக்குள் யுரேனியம் ஹெக்ஸாபுளோரைடு வாயு வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறது. இணைப்பில் கசிவிருந்தால் முதலில் வெளிக்காற்றுதான் உள்ளே புகும். அதிலுள்ள ஈரம் வாயுவோடு வினைபுரிந்து அரிக்கும் ஹைட்ரஜன் புளோரைடாகவும் திடப் படிவாகவும் மாறும். ஆகவே பற்றவைப்புக்கும் கசிவுச் சோதனைக்கும் ஒதுக்கிய நாட்களில், அட்டவணை பிந்துகிறது என்று கைவைப்பது தற்கொலைக்குச் சமம்.

இன்னொரு விலையும் உண்டு. வாங்கிய இயந்திரத்தின் உள்ரகசியம் விற்றவரிடமே இருக்கும். அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தப்படி அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டுமே அதை ஓட்டலாம். உள்நாட்டுத் தொழில்நுட்பம் கையில் இருக்க வேண்டும் என்று பைக்டனை ஆதரித்தவர்கள் சொன்னது வெறும் தேசப்பெருமை அல்ல. ஆனாலும் அணுமின் உலைக்கான எரிபொருள் மட்டுமே இலக்கு என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு யூனிஸ் பக்கம் நிற்பேன்.

பைக்டனும் செத்துவிடவில்லை. யுசெக்கின் வாரிசான சென்ட்ரஸ் 2023 அக்டோபரில் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது, வெறும் 16 இயந்திரங்களோடு.